கல்லூரிப் பனி ஹாக்கி: மாணவர் கூட்டம் ஏன் கோல்கீப்பரையே குறிவைக்கிறது?

மழைமேகம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற சனிக்கிழமை என் அலுவலக நண்பர் ஒருவர் தம்மிடம் மிகுந்திருந்த நுழைவுச்சீட்டுகளைக் கொடுத்ததால், நானும் என் கணவரும் ஒன்பது வயது மகளும் முதன்முறையாக இங்குள்ள பல்கலைக்கழகத்தின் பனி ஹாக்கி ஆட்டத்துக்குச் சென்றோம். ஹாக்கி என்றால் புல்தரையில் ஆடுவது என்ற எண்ணத்தோடு வளர்ந்தவள் நான். பக் எனப்படும் அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை எங்கே போகிறது என்று கண்ணால் பின்தொடரப் பழகுவதற்குள்ளேயே முதல் பீரியட் முடிந்துவிட்டது. ஆனால் ஆட்டத்தைவிட என்னைத் திகைக்க வைத்தது, ஒரு கோல் வலைக்குப் பின்னால் திரண்டிருந்த மாணவர் கூட்டம்தான். ஆட்டம் தொடங்கியது முதல் முடியும் வரை அவர்களில் ஒருவர்கூட உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

எங்கள் ஊர் அணி கோல் போட்டதும் அத்தனை பேரும் எதிரணிக் கோல்கீப்பரை நோக்கிக் கையை நீட்டி நீட்டி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தினார்கள். என் காதில் அது "சிவ, சிவ" என்று விழுந்தது. மகளுக்கும் அப்படித்தான் கேட்டிருக்கிறது, "அம்மா, இவங்க சாமி கும்பிடறாங்களா?" என்று கேட்டாள். அது என்ன சொல், ஏன் அந்த ஒரு ஆட்டக்காரரை மட்டும் இப்படி வாட்டுகிறார்கள் என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். பீரியட் முடிய ஒரு நிமிடம் இருக்கிறது என்று ஒலிபெருக்கியில் அறிவித்ததும் அரங்கமே ஒரே குரலில் "நன்றி" சொன்னதன் பொருளும் எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றையும் தயக்கத்தோடு கேட்கிறேன். எதிரணி வீரர் ஒருவரை நடுவர், தவறு செய்தவர் சில நிமிடங்கள் ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டிய தண்டனைப் பெட்டிக்கு அனுப்பியபோது எழுந்த முழக்கத்தின் வால்பகுதியில் சில சொற்கள் வந்தன. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவற்றுக்கு மகள் பொருள் கேட்க, நான் வானொலியை வைத்துவிட்டேன். அவளோ மறுபடியும் போகவேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். அழைத்துச் செல்லலாமா?


பழைய வரிசைக்காரன் எழுதியது:

சகோதரி, உங்கள் மகளின் கேள்வியைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அது "சிவ்" (sieve) என்ற ஆங்கிலச் சொல், பொருள் சல்லடை. கோல்கீப்பரின் வேலை எதையும் உள்ளே விடாமல் தடுப்பது. அவர் விட்டுவிட்டால் அவர் ஓட்டை நிறைந்த சல்லடை. அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி முழுவதும் எந்த அரங்குக்குப் போனாலும் இந்த ஒரு வசை உங்களை வரவேற்கும். பல இடங்களில் அதற்கு முன்னால் ஒரு எண்ணிக்கையும் உண்டு: மூன்றாவது கோல் என்றால் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணி, இன்னும் வேண்டும் என்று கேட்டு, பிறகு சல்லடைக்கு வந்து, கடைசியில் "எல்லாம் உன் தவறுதான்" என்று முடிப்பார்கள்.

நான் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்த காலத்தில் லைனா அரங்கில் நான்கு குளிர்காலம் நின்றவன் என்பதால், கோல்கீப்பர் ஏன் என்ற கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியும். மற்ற வீரர்கள் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே பனியில் இருப்பார்கள்; மூச்சு வாங்கியதும் வேலியைத் தாண்டி உள்ளே வந்து வேறொருவரை அனுப்பிவிடுவார்கள். ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முழக்கத்தை எடுப்பதற்குள் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கோல்கீப்பருக்கு அந்த வசதி கிடையாது. இருபது நிமிடப் பீரியட் முழுவதும் அதே இடத்தில், மாணவர்களுக்கு முதுகைக் காட்டியபடி, கண்ணாடித் தடுப்புக்குச் சில அடிகள் முன்னால் அவர் நிற்கவேண்டும். ஆட்டம் நிற்கும்போதெல்லாம் தலைக்கவசத்தைத் தூக்கி, வலையின் மேல் வைத்திருக்கும் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் குடிப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலையும் இல்லை. அந்த இடைவெளிதான் மாணவர்களுக்குக் கிடைக்கும் மேடை.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. ஒவ்வொரு பீரியடுக்கும் அணிகள் பக்கம் மாறுகின்றன, பீரியடுகளோ மூன்று. எனவே எதிரணிக் கோல்கீப்பர் ஒரு பக்கத்தில் இரண்டு பீரியடுகளும் மறுபக்கத்தில் ஒன்றும் நிற்பார். முதலாவதும் மூன்றாவதும் எந்தப் பக்கத்தில் அமைகின்றனவோ அங்கே மாணவர்களை நிறுத்தினால், ஆட்டம் முடிவாகும் கடைசி இருபது நிமிடத்தில் அவர் காதுக்குப் பின்னால் அவர்கள் இருப்பார்கள். கைத்தொலைபேசியைக் காதில் வைத்ததுபோல் ஆயிரம் பேர் பாவனை செய்து, மணியடிப்பதுபோல் ஒலியெழுப்பி, அந்தக் கோல்கீப்பரின் பெயரைச் சொல்லி "உன் அம்மா பேசுகிறார், நீ மோசமாக ஆடுவதாகச் சொல்கிறார்" என்று செய்தி தெரிவிப்பதை அவர் அப்படித்தான் கேட்க நேர்கிறது. அதைக் கேட்டு எதிரணிக் கோல்கீப்பரே தோள் குலுங்கச் சிரித்ததை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அன்று அவர் ஒரு கோலும் விடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அறிவிப்பாளருக்கு நன்றி சொல்வது பல அரங்குகளில் நடக்கும் பழைய வழக்கம். அதில் கேலியும் உண்டு, மரியாதையும் உண்டு. இந்த முழக்கங்களில் பெரும்பாலானவை இப்படிக் கேள்வியும் பதிலுமாக அமைந்தவை. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அறிவிப்பாளர் ஒரு வரி, கூட்டம் ஒரு வரி. பாண்டு வாத்தியக் குழு ஒரு அடி, கூட்டம் ஒரு அடி. லைனாவில் எதிரணி வீரர்களின் பெயர்களை அறிவிக்கும்போது மாணவர்கள் அனைவரும் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்து, படிப்பதில் மூழ்கியவர்கள்போல் நின்று, சலிப்பாக இருக்கிறது என்று கத்துவார்கள். தங்கள் அணி பனியில் இறங்கும் நேரம் வந்ததும் அந்தத் தாள்கள் கசங்கி உருண்டைகளாகப் பறக்கும். முதல் வாரம் வெறுங்கையோடு போன எனக்கு, பக்கத்திலிருந்த பெயர் தெரியாத மாணவி தன் தாளில் பாதியைக் கிழித்துக் கொடுத்தார். எனக்குப் படிக்கக் கிடைத்தது பங்குச்சந்தைப் பக்கம்.

தேசிய கீதத்தைக்கூட அவர்கள் விட்டுவைப்பதில்லை. கார்னெலின் நிறம் சிவப்பு என்பதால், கீதத்தில் சிவப்பைக் குறிக்கும் சொல் வரும்போது அதை மட்டும் அரங்கம் அதிரக் கத்துவார்கள். முதல்முறை கேட்டபோது யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

மீன் கதையையும் சொல்லாவிட்டால் என் பழைய நண்பர்கள் மன்னிக்க மாட்டார்கள். 1973-இல் ஹார்வர்டு ரசிகர் ஒருவர், கார்னெலில் வேளாண்மைக் கல்லூரி இருப்பதைக் கேலி செய்ய, கார்னெல் கோல்கீப்பரை நோக்கி ஒரு கோழியை வீசினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அதற்குப் பதிலாக, கடலோரத்து பாஸ்டன்காரர்களுக்கு மீன். ஒவ்வோர் ஆண்டும் ஹார்வர்டு அணி லைனாவில் பனியில் இறங்கும்போது மேலங்கிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த மீன்கள் பறந்து வந்து விழும். பணியாளர்கள் மண்வாரியோடு வந்து அள்ளுவார்கள். அன்றிரவு நம் மேலங்கியையும் வெளியில்தான் தொங்கவிட வேண்டும்.


ஆன் ஆர்பர்வாசி எழுதியது:

மேலே எழுதியவர் அடக்கத்தால் ஒன்றை விட்டுவிட்டார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் யோஸ்ட் அரங்கு எதிரணிகளை நடுங்கவைக்கும் இடம் என்று இன்று பெயரெடுத்திருந்தால், அதில் கார்னெல் ரசிகர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. 1991-இல் தேசியப் போட்டித்தொடரின் முதல் சுற்றில் கார்னெல் அணி இங்கே வந்து ஆடியது. மூன்று ஆட்டத் தொடரில் மிச்சிகன்தான் வென்றது. ஆனால் அணியோடு வந்திருந்த கார்னெல் ரசிகர்கள், எண்ணிக்கையில் சிறுபான்மையாக இருந்தும், முழக்கத்தில் உள்ளூர்க்காரர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அதுவரை ஓரளவு அமைதியாக ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த யோஸ்ட் மாணவர்கள், வந்தவர்களிடம் கேட்ட முழக்கங்களில் பலவற்றைத் தமதாக்கிக்கொண்டு, அவற்றுக்குக் கையும் காலும் ஒட்டவைத்து வளர்த்தார்கள். ஆட்டத்தில் வென்று, முழக்கத்தில் மாணாக்கராகச் சேர்ந்தார்கள் என்று இங்குள்ள பழைய ரசிகர்கள் பெருமையோடுதான் சொல்வார்கள்.

கட்டடமும் துணைசெய்கிறது. 1923-இல் உள்விளையாட்டுக் கூடமாகக் கட்டப்பட்டு, 1973-இல்தான் பனித்தளம் போடப்பட்ட செங்கல் மாளிகை அது. எழுப்பிய ஒலி வெளியே போக வழி தெரியாமல் உள்ளேயே சுற்றும்.

சகோதரி கேட்ட தண்டனைப் பெட்டி முழக்கத்தைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஊர் அதில் பெயர்பெற்றது. எதிரணி வீரர் தண்டனைப் பெட்டிக்குள் நுழைந்து கதவு சாத்தப்படும் கணத்தில் போய்வா என்று வழியனுப்புவதுதான் அதன் தலைப்பகுதி. அதுவரை யாருக்கும் குறையில்லை. அதன் பின்னால் வசைச்சொற்களின் பட்டியல் ஒன்று ஒட்டிக்கொண்டு, மாணவர் தலைமுறைக்குத் தலைமுறை ஒரு சொல் கூடிக் கூடி, இன்று ஒரே மூச்சில் சொல்லிமுடிக்க முடியாத நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. அதைக் கைவிடுமாறு நிர்வாகம் மாணவர்களைக் கேட்டுக்கொண்டும் பயனில்லை. வேண்டாம் என்று சொல்லப்பட்டதாலேயே அதற்குக் கூடுதல் சுவை வந்துவிட்டது என்பது என் கணிப்பு. முழக்கத்தின் அறிவு முழுவதும் முதல் சொல்லிலேயே தீர்ந்துவிடுகிறது. மற்றதெல்லாம் வெறும் மூச்சு.


நடுநிலையாளர் எழுதியது:

எல்லோரும் ரசித்து எழுதுகிறீர்கள். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனின் தாயைப் பற்றி ஆயிரம் பேர் கத்துவதை வேறு எந்த இடத்திலாவது நாம் பொறுத்துக்கொள்வோமா என்பதையும் யாராவது சொல்லுங்கள். அந்தத் தாய் பல நேரங்களில் அதே அரங்கில் உட்கார்ந்திருக்கிறார்.


பழைய வரிசைக்காரன் எழுதியது:

நியாயமான கேள்வி, ஐயா. மறுக்கப்போவதில்லை. நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த வீரர் அன்றைய ஆட்டத்தில் செய்ததைக் கேலி செய்தால் அது விளையாட்டின் பகுதி; அவருடைய குடும்பம், இனம், தோற்றம் என்று போனால் அது வெறும் வசை. தொலைபேசி முழக்கம் இந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அம்மா அதில் செய்தியைச் சொல்பவராக வருகிறார், வசைக்கு ஆளாகவில்லை என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். அவன் கோல்கீப்பராக நிற்கிறான்.


வடதிசைப் பயணி எழுதியது:

எந்தக் கோடு எங்கே என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது என்பதற்கு வடக்கு டகோட்டாவைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. அங்கே பல்கலைக்கழக அணிக்கு நெடுங்காலமாக சூ பழங்குடி மக்களின் பெயர் இருந்தது. அப்பெயரைச் சூடிய அணியின் முன்னாள் கோல்கீப்பரான ரால்ஃப் எங்கெல்ஸ்டாட், பிற்காலத்தில் பெருஞ்செல்வராகி, பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவிட்டு ஓர் அரங்கு கட்டிக் கொடுத்தார். பெயரை மாற்றினால் கட்டுமானத்தைப் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று கடிதமே எழுதினார். 2001-இல் திறக்கப்பட்ட அந்த அரங்கில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். அணியின் சின்னம் தரையிலும் சுவரிலும் இருக்கையிலும் ஆயிரக்கணக்கில் பதிக்கப்பட்டது. பிறகு தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு பழங்குடிப் பெயர்களுக்கு எதிராக விதி கொண்டுவந்தது. வழக்குகள், வாக்கெடுப்பு எல்லாம் நடந்து, பழைய பெயர் கைவிடப்பட்டு, 2015-இல் பருந்தின் பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனாலும் தேசிய கீதத்தின் கடைசிச் சொல் வரும் இடத்தில் அதை விழுங்கிவிட்டுப் பழைய பெயரையே முழங்கும் வழக்கத்தைக் கூட்டம் விடவில்லை. பலகையையும் சட்டையையும் மாற்றலாம். பல்லாயிரம் தொண்டைகளுக்கு யார் உத்தரவு போடுவது? அங்கே விருந்தினராகப் போயிருந்த எனக்கு அந்த ஒரு சொல் ஏற்படுத்திய சங்கடம், வேறு அரங்குகளில் கேட்ட எந்தக் கெட்ட வார்த்தையாலும் ஏற்பட்டதில்லை.

பேச்சு பாரமாகிவிட்டது, கட்டடத்துக்கு வருகிறேன். முன்பெல்லாம் மாணவர் கூட்டம் கிடைத்த இடத்தில் நின்றது. இப்போது அவர்களை மனத்தில் வைத்தே அரங்கை வரைகிறார்கள். 2013-இல் திறந்த பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பெகுலா அரங்கில் ஒரு கோலுக்குப் பின்னால் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களுக்கான படிவரிசை, கட்டட விதிகள் அனுமதிக்கும் அளவுக்குச் செங்குத்தாக எழுகிறது. மேலே நிற்பவர் முன்வரிசையின் தலைகளுக்கு மேலாகக் கோல்கீப்பரின் உச்சந்தலையைப் பார்க்கலாம். ஒலி சிதறாமல் சுவர்போல் இறங்குகிறது. அடுத்த நாள் தொண்டை கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போகும் மாணவர்கள் அங்கே ஏராளம்.

பெரிய அரங்கு என்றால் பெரிய ஆரவாரம் என்று நினைக்க வேண்டாம். 2010 டிசம்பரில் மிச்சிகன் அணியும் மிச்சிகன் ஸ்டேட் அணியும் அமெரிக்கக் கால்பந்துத் திடலில் பனித்தளம் அமைத்து ஆடியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். கின்னஸ் கணக்கில் 1,04,173. வேடிக்கை பார்க்க அருமையான நாள். ஆனால் முழக்கம் ஒரு மூலையில் தொடங்கி மறுமூலைக்கு வருவதற்குள் அடுத்த முழக்கம் எழுந்துவிடும். எதிரணிக் கோல்கீப்பருக்கு அது வெறும் இரைச்சலாகவே கேட்டிருக்கும். லைனாவில் கொள்ளளவு நாலாயிரத்துச் சொச்சம்தான். அங்கே ஒவ்வொரு சொல்லும் அவருக்குத் தெளிவாகக் கேட்கும், அதுதான் சங்கதி.

பொருள் வீசுவது பற்றி ஒரு எச்சரிக்கை. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் தங்கள் அணியின் முதல் கோலுக்கு ஒரே ஒரு மீனை வீசுவார்கள். டார்ட்மத் கல்லூரியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு எதிரான முதல் கோலுக்கு டென்னிஸ் பந்துகள் மழையாகக் கொட்டும். பார்க்க வேடிக்கைதான். ஆனால் ஆட்டம் நடக்கும்போது பனியில் பொருள் விழுந்தால், எச்சரிக்கைக்குப் பின் ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதாக நடுவர் உள்ளூர் அணிக்கே இரண்டு நிமிடத் தண்டனை கொடுக்கலாம். கோல் போட்ட மகிழ்ச்சியில் ஆளைக் குறைத்துக்கொண்டு ஆடும் நிலைமை வந்து சேரும். மகள் கையில் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.


ஆன் ஆர்பர்வாசி எழுதியது:

சகோதரி கேட்ட கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. தாராளமாக அழைத்துச் செல்லுங்கள், ஆனால் சீட்டு வாங்கும்போது மாணவர் பகுதி எந்தக் கோலுக்குப் பின்னால் இருக்கிறது என்று கேட்டு, அதற்கு நேர் எதிர்ப்பக்க மூலையில் வாங்குங்கள். அங்கிருந்து முழக்கம் தாளமாகக் கேட்குமே தவிர, சொல் சொல்லாகக் கேட்காது. பாண்டு குழுவுக்கு அருகில் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. குழந்தைகளுக்கு டிரம்போனைப் பார்ப்பதே பாதி ஆட்டம்.

அல்லது பெண்கள் அணியின் ஆட்டத்துக்குப் போங்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பெண்கள் அணி 2025 வரை எட்டு முறை தேசியப் பட்டம் வென்றது. மாடிசனில் 2012-இல் திறந்த அவர்களுடைய லாபான் அரங்கில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான் இடம். அங்கும் சல்லடை உண்டு, எண்ணிக்கை உண்டு, பாண்டு உண்டு. ஆட்டத்தின் தரத்தில் எந்தக் குறையும் இராது, கண்ணாடிக்கு அருகிலேயே உட்காரலாம்.


மழைமேகம் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று எங்கள் ஊரில் நடந்த பெண்கள் ஆட்டத்துக்கே அழைத்துச் சென்றேன். எதிரணிக் கோல்கீப்பர் எங்களுக்கு வெகு அருகில் நின்றார். தலைக்கவசத்தின் பின்பக்கத்தில் பூனை ஓவியம் வைத்திருந்தார். சல்லடை என்பதன் பொருளை மகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால், முதல் கோல் விழுந்தபோது அவளும் எழுந்து கையை நீட்டினாள். இரண்டாவது கோலுக்கும் எழுந்தாள். மூன்றாவது விழுந்தபோது அந்தப் பெண் முழங்காலில் இருந்தபடியே புட்டியை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு, வலைக்குள் கிடந்த பக்கைத் தன் மட்டையால் மெல்ல வெளியே தள்ளினார். என் மகள் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் இருந்தவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு, "அம்மா, அவங்க அடுத்ததைப் பிடிச்சுட்டா நாம கை தட்டலாமா?" என்று கேட்டாள். தட்டலாம் என்றேன். கடைசி பீரியடில் அதற்கு இரண்டு முறை வாய்ப்புக் கிடைத்தது. எங்கள் வரிசையில் தட்டியவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான்.

ஒரு நிமிடம் இருக்கிறது என்ற அறிவிப்புக்கு நன்றி சொல்வதை மட்டும் அவள் ஒருமுறைகூடத் தவறவிடவில்லை.